பூவுக்கு ஒரு சதுரம்

அந்தத் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. சுவர்ப் பலகையில் சுத்தியலின் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்திருப்பார்கள். அந்த உருவத்தின் மேலேயே சுத்தியலை மாட்டவேண்டும். துடைப்பத்துக்கும் குப்பைக்கூடைக்கும் ஆலை மேலாளரின் தேநீர்க் கோப்பைக்கும் மஞ்சள் நாடா ஒட்டிய எல்லைகள் உண்டு. எல்லையின் தலைமாட்டில் பொருளின் பெயர், அதன் கீழே பொறுப்பாளரின் பெயர். ஸ்டேப்ளர் தன் எல்லையைவிட்டு ஒரு விரல் நகர்ந்திருந்தால், அதற்காக ஒரு முழு மனிதர் காலைக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பார். எல்லை இருந்து பொருள் இல்லாமல் போனால் அது அதைவிடப் பெரிய குற்றம். காலியான எல்லையை உடனே நிரப்பியாகவேண்டும் என்பது விதி.

ஆட்களுக்கும் இப்படித்தான். ஜப்பானின் மிகாவா கடற்கரையோரம் கார்களின் கதவுகளுக்குக் கீல் அடிக்கும் அந்த ஆலையில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் எந்திரங்களின் ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் தரையில் ஜோடி ஜோடியாகக் கால்தடங்கள் வரைந்திருக்கும். காலையில் அவரவர் தடத்தில் அவரவர் நின்று, ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி உரக்கக் கத்தவேண்டும். “தலைக்கவசம், யோஷி! கையுறை, யோஷி! நிறுத்தப் பொத்தான், யோஷி!” யோஷி என்றால் சரி. எது சரியில்லாத போதும் யோஷி என்று கத்தலாம். கத்தாமல் இருக்கத்தான் கூடாது.

முரோதா கென்சாகு அந்த வரிசைக்கு மேஸ்திரி. ஆறாம் பிரஸ் அவர் பொறுப்பு. சத்தம் போடாத, சண்டைக்குப் போகாத ஆள். ஜூலையில் மழைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு காலை, வரிசையின் ஆறு பேரும் கத்தி முடித்தபின், அரை மூச்சு தாமதமாக ஏழாவது குரல் ஒன்று அவர் காதில் விழுந்தது.

“யோஷி.”

பக்கத்து ஐந்தாம் பிரஸ்ஸின் அடியிலிருந்து வந்தது. கொஞ்சம் சளி கட்டிய குரல். அந்தப் பிரஸ்ஸில் வேலை பார்த்த உசாமியின் குரல். உசாமி செத்து நான்கு மாதம் ஆகிறது. முரோதா மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தங்கள் பூட்ஸையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் நிற்கும் நிஷிவாகி என்ற பெண் கையுறையை இழுத்து மாட்டியபடி வந்தாள்.

“மேஸ்திரி, உங்களுக்கும் கேட்டுச்சா, இல்ல எனக்கு மட்டும் காது போச்சா?”

“என்ன கேட்டுச்சு?”

“அப்போ கேட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

உசாமி செத்த கதையையும் சொல்லிவிடவேண்டும். ஆலையில் அதைச் சொல்ல ஆளில்லை. மார்ச் மாதம், பராமரிப்பு விருதுக்கான நடுவர் முதல்முறை பார்வையிட வருவதற்கு முந்தைய நாள். பிரஸ்ஸின் அடிப்பாகம் முகம் பார்க்குமளவு பளபளக்கவேண்டும் என்று உத்தரவு. நிறுத்திவிட்டுத் துடைக்கலாம்; ஆனால் நிறுத்தினால் எந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் வரைபடத்தில் கோடு இறங்கிவிடும். அந்தக் கோடும் நடுவர் பார்க்கப்போகும் கோடுதான். ஆகவே ஓடும்போதே துடைப்பது என்று முடிவாயிற்று. யார் முடிவெடுத்தார்கள் என்று பிற்பாடு ஒருவருக்கும் நினைவில்லை. துணியோடு உள்ளே ஊர்ந்துபோனவர் உசாமி.

வாசலில் பெரிய பலகை ஒன்று நிற்கிறது. விபத்தில்லாமல் கழிந்த நாட்களை அது காட்டும். தினமும் ஒன்று கூடும். ஒரு விபத்து நடந்தாலும் எண் பூஜ்யத்துக்குப் போகும், விருதும் கையைவிட்டுப் போகும். அதனால் மேம்பாட்டுப் பிரிவின் தலைவர் ஹாயாமிஸு, ஆம்புலன்ஸை வாசலுக்கு வெளியே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கு வரச்சொன்னார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை முரோதா பிடித்திருந்தார். ஆலைக்குள் நடப்பவர்கள் ஃபோர்க்லிஃப்ட் சுமைவண்டி குறுக்கிடும் இடந்தோறும் நின்று, “வலம், யோஷி! இடம், யோஷி!” என்று சுட்டிக் கத்திவிட்டுத்தான் கடக்கவேண்டும். அன்றும் நின்றார்கள், அன்றும் கத்தினார்கள். சுட்டிக்காட்ட ஆளுக்கொரு கையை எடுத்தபோதெல்லாம் ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. உசாமிக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது முதலுதவிப் பொறுப்பாளரின் வேலை. முதலுதவிப் பொறுப்பாளர் உசாமி.

பேருந்து நிறுத்தத்தில் திடீர் உடல்நலக் குறைவு என்று எழுதப்பட்டது. “நெஞ்சு நசுங்கினாலும் உடல்நலம் குறையத்தானே செய்யும்? பொய் எதுவும் எழுதலையே,” என்று ஹாயாமிஸு விளக்கினார். மறுநாள் காலை பலகையில் எண் ஒன்று கூடியது. வரிசையின் ஆறு பேரும் அதைச் சுட்டி யோஷி என்று கத்தினார்கள். முரோதாவும் கத்தினார். அன்றிலிருந்து அந்தச் சொல் அவர் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

இப்போது குரல் வேறு தினமும் வரத் தொடங்கிவிட்டது.

விஷயம் ஹாயாமிஸுவின் காதுக்குப் போயிற்று. அவர் முப்பத்தைந்து வயது ஆள். சட்டைப் பையில் நான்கு நிறங்களில் பேனாக்கள் வைத்திருப்பார். ஒரு காலை வந்து நின்று, குரலைக் கேட்டு, நிறம் மாறி, உடனே சமாளித்துக்கொண்டார். முதலில் சிவப்புச் சீட்டு எழுதினார். வேண்டாத பொருளுக்கெல்லாம் ஆலையில் சிவப்புச் சீட்டுக் கட்டுவார்கள்; ஒரு மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் பொருளை வெளியே தூக்கிப் போடலாம். குரலில் சீட்டை எப்படிக் கட்டுவது என்று கொஞ்சம் யோசித்தார். கடைசியில் உத்தரத்திலிருந்து ஒரு நூலை இறக்கி, குரல் வரும் இடத்தின் உயரத்தை அளந்து, சீட்டைக் காற்றில் தொங்கவிட்டார். ‘பொருள்: குரல். அளவு: ஒன்று.’ ஒரு மாதம் கழிந்தும் யாரும் உரிமை கோரவில்லை. குரலைத் தூக்கிப் போடவும் யாராலும் முடியவில்லை.

அடுத்ததாக, வரிசையை வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கோளாறு எதுவானாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் அகப்பட்டுவிடும் என்பது அவர்களுடைய வேதம்.

“குரல் ஏன் கேக்குது? முரோதா-சான், சொல்லுங்க.”

“ஆறு பேர் நிக்கிற எடத்துல ஏழு ஜோடி கால்தடம் இருக்குங்க.”

“ஏன் ஏழு இருக்கு?”

“உசாமியோட தடத்தை யாரும் அழிக்கல.”

“ஏன் அழிக்கல?”

“அழிச்சா, எதுக்காக அழிச்சோம்னு எழுதணுமே.”

ஹாயாமிஸு அடுத்த ஏனுக்காக வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பச்சைப் பேனாவை மூடியும் வைத்தார்.

“மூணு ஏன் போதும். அஞ்சுங்கறது ஒரு வழிகாட்டுதல்தான்.”

“ஆணிவேர் கெடைச்சிருச்சுங்களா?” என்று நிஷிவாகி கேட்டாள்.

“கெடைச்சிருச்சு. கால்தடம்தான் ஆணிவேர். அதை மாத்த முடியாது. அதனால குரலை ஒழுங்குபடுத்துவோம்.”

அப்படியே ஒழுங்குபடுத்தினார்கள். ஒலிமானி வைத்து அளந்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் கத்தல் திங்கட்கிழமைகளில் தொய்ந்துபோகிறது என்பதும், குரலுக்குத் திங்களும் வெள்ளியும் ஒன்று என்பதும் தெரியவந்தது. அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். குரலைக் கணக்கில் சேர்த்ததும் வரிசையில் ஆள் ஏழு என்றாயிற்று. ஆள் ஏழானதும் தினசரி இலக்கும் ஏழு பேருக்கானதாக உயர்ந்தது. ஏழாவது ஆளின் வேலையை மற்ற ஆறு பேரும் பகிர்ந்து செய்தார்கள்.

“நல்ல ஆளு இவரு. இருந்தப்பவும் நம்ம முதுகுதான் ஒடிஞ்சுது, போயும் நம்ம முதுகுதான் ஒடியுது,” என்றாள் நிஷிவாகி. ஆனால் ஐந்தாம் பிரஸ்ஸைக் கடக்கும்போது அவளும் நடையைக் குறைத்து, குனியாமல் குனிந்துதான் போனாள்.

செப்டம்பர் மாதக் கூட்டத்தில் ஆலை மேலாளர் ஒகோச்சி மேடையேறினார். கனத்த உடம்பு, கனிந்த குரல். பேச்சின் நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கென்று கைக்குட்டையைத் தனிப் பையில் வைத்திருப்பார்.

“நம்ம ஆலைக்கு மனுஷன்தான் முக்கியம். தப்புகள் எல்லாமே மனுஷனாலதானே வருது, அதனால அவன்மேல நமக்கு எப்பவும் ஒரு கண்ணு உண்டு. நம்ம உசாமியைப் பாருங்க. வெளிய, பஸ் ஸ்டாப்ல, நம்மளை விட்டுப் பிரிஞ்சாரு. ஆனா உள்ள வந்து ஒழைக்கிறாரு. ஒரு நாள் லீவு எடுத்தாரா? ஒரு கப் தேநீர் கேட்டாரா? முதுகு வலின்னாரா? உயிரோட இருக்கிற நீங்க அவர்கிட்ட கத்துக்கணும். எல்லாரும் இந்த நெலைமைக்கு வரணும்னு நான் ஆசைப்படறேன்.”

கைதட்டினார்கள். சிறந்த குரலுக்கான மாதப் பரிசாக ஒரு துண்டை உசாமியின் கால்தடத்தின் மேல் மடித்து வைத்தார்கள். துண்டைச் சுற்றி நாடாவும் ஒட்டினார்கள்.

அரை மூச்சு தாமதமாக வரும் அந்த யோஷி, தினமும் தனக்கு மட்டும் ஏதோ கேள்வி வைப்பதாக முரோதாவுக்குத் தோன்றியது. எதைச் சரி என்கிறான் இவன்? பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வெளியே வந்தபோது பேருந்து நிறுத்தத்தில் உசாமியின் மனைவி கினுயே நின்றிருந்தாள். நிறுத்தத்தின் கம்பத்தடியில் வெள்ளைச் சாமந்திக் கொத்தும், டின் காபி ஒன்றும். மாதாமாதம் அவள் வருவது ஆலைக்கே தெரியும். எல்லோரும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி போவார்கள். அன்று முரோதாவை அவள் பார்த்துவிட்டாள்.

“முரோதா-சான், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளுங்க அண்ணி.”

“அவரு வாழ்நாள்ல பஸ் ஏறினதே இல்ல. சைக்கிள்லதான் வருவாரு, உங்களுக்கே தெரியும். அன்னைக்கும் சைக்கிள் உள்ளதான் இருந்துச்சு, நான்தான் ஓட்டிட்டுப் போனேன். அப்புறம் பஸ் ஸ்டாப்ல என்ன பண்ணிட்டு இருந்தாரு?”

முரோதா கம்பத்தைப் பார்த்தார். பேருந்து நேரம் எழுதிய பலகையைப் படித்தார்.

“இங்க நின்னு கும்புட்டா முதுகைக் காட்டிட்டு நிக்கிறவரைக் கும்புடற மாதிரியே இருக்கு,” என்றாள் கினுயே. “நான் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க வரல. பூவை எங்க வைக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும்.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒவ்வொரு ஆணிக்கும் இடம் குறித்து வைத்த ஆலையில் அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை. முரோதா குனிந்து சாமந்திக் கொத்தை எடுத்துக்கொண்டார்.

“இதை நான் வெச்சுர்றேன், அண்ணி. எடத்துல வெச்சுர்றேன்.”

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. காபியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை முரோதா எல்லோருக்கும் முன்னால் வந்து, ஐந்தாம் பிரஸ்ஸின் பக்கவாட்டில் தரையைத் துடைத்து, மஞ்சள் நாடாவால் ஒரு சதுரம் ஒட்டினார். வேறு வழி எதுவும் அவருக்குத் தெரியாது. முப்பது வருடமாக அவர் கற்றதெல்லாம் சதுரம் ஒட்டத்தான். நடுவில் பூச்சாடி, பக்கத்தில் டின் காபி. தலைமாட்டில் சீட்டு: ‘பூ. பொறுப்பாளர்: முரோதா.’

ஹாயாமிஸு ஓடி வந்தார்.

“என்ன இது? நாளைக்கு நடுவர் வர்றாரு! எடுங்க இதை!”

“எல்லை இருக்குங்க. பேரு இருக்கு. பொறுப்பாளர் இருக்கு.”

எல்லையும் பெயரும் பொறுப்பாளரும் உள்ள பொருளை மாற்றவேண்டுமானால் மாற்றக் கோரிக்கை எழுதி ஐந்து பிரிவுகளின் முத்திரை வாங்கவேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த விதியை எழுதியவர் ஹாயாமிஸுவேதான். நாடாவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், கோணம் சரியாக இருக்கிறதா என்று அளந்தார், இருந்தது, போய்விட்டார்.

நடுவர் குசாகபே வந்தார். முன்பு பேராசிரியராக இருந்த முதியவர். வெள்ளைக் கையுறை போட்ட கையால் போகிற வழியெல்லாம் தடவி, விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் ஒகோச்சி, அவருக்குப் பின்னால் ஹாயாமிஸு. ஐந்தாம் பிரஸ்ஸின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையசைத்தார். பளபளத்தது. பிறகு சதுரத்தைப் பார்த்தார்.

“இது ஏன் இங்க இருக்கு?”

“அது ஒரு அலங்காரம்…” என்று ஒகோச்சி தொடங்கினார்.

“பொறுப்பாளரைக் கேக்கறேன்,” என்றார் குசாகபே. “பொருள் பக்கத்துல நிக்கிறவன்கிட்டதான் கேக்கணும்னு நானே எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன். சொல்லுங்க, முரோதா-சான்.”

கேள்வி ஏன் என்று வந்துவிட்டால் முரோதா பதில் சொல்லியாகவேண்டும்; அது அவர் எலும்பில் ஊறிப்போன பழக்கம்.

“உசாமியோட சம்சாரம் குடுத்தாங்க.”

“ஏன் குடுத்தாங்க?”

“உசாமி செத்துட்டாருங்க.”

“ஏன் செத்தாரு?”

ஒகோச்சி கைக்குட்டையைத் தேடினார். ஹாயாமிஸு, “மூணு ஏன் ஆயிருச்சு ஐயா, எங்க ஆலையில மூணோட…” என்றார். நடுவர் கையுறைக் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“பிரஸ் எறங்குச்சு. அவரு அடியில இருந்தாரு. இந்த பிரஸ்தான்.”

“ஏன் அடியில இருந்தாரு?”

“எண்ணெயைத் தொடைச்சிட்டு இருந்தாரு.”

“ஓடுற பிரஸ்ல ஏன் தொடைச்சாரு?”

முரோதா நடுவரின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“மறுநாள் நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க.”

மற்ற பிரஸ்கள் தம்தம்மென்று அடித்துக்கொண்டிருந்தன. அப்போது ஐந்தாம் பிரஸ்ஸின் அடியிலிருந்து, இம்முறை தாமதமே இல்லாமல், அந்தச் சளி கட்டிய குரல் வந்தது.

“யோஷி.”

குசாகபே கையுறையைக் கழற்றினார். வெறும் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சில நொடிகள் அவர் வெறும் மனிதராக இருந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று முரோதா நம்பினார். பிறகு கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒகோச்சி-சான்,” என்றார். “அஞ்சாவது ஏன்வரைக்கும் வழுக்காம வந்து சேர்ந்த ஆலையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.”

விருது கிடைத்தது. ‘ஆணிவேர்: நடுவர் வருகை பற்றிய முன்னறிவிப்பு. தீர்வு: பூவுக்கான எல்லை. பலன்: சிறப்பு’ என்று நடுவர் குழுவின் அறிக்கை சொன்னது. உசாமி செத்த இடம் ஐந்தாம் பிரஸ் என்று ஒப்புக்கொண்டார்கள்; செத்தது விபத்து என்று ஒப்புக்கொள்ளவில்லை. அது மேம்பாட்டுக்கான வாய்ப்பு. வாசல் பலகையில் எண் கூடிக்கொண்டே போயிற்று.

குரல் அதன்பிறகு வரவில்லை. வரிசையில் ஆறு குரல்தான். முரோதாவுக்கு முதல் நாள் அழுகை வந்தது; உசாமி போய்விட்டான், எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மனசு லேசாயிற்று. ஹாயாமிஸு மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததற்கான எச்சரிக்கைச் சீட்டை உசாமியின் கால்தடத்தில் ஒட்டினார். பரிசுத் துண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆனால் நடுவர் ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓரிடத்தில் கண்ட நல்ல முறையை எல்லா இடத்துக்கும் பரப்பவேண்டும் என்பது அவர்களுடைய இன்னொரு வேதம். எதைப் பரப்புவது என்று கூட்டம் போட்டார்கள். ஓடும்போது துடைக்காதே என்பதைப் பரப்பலாம் என்று நிஷிவாகி கையைத் தூக்கிச் சொன்னாள். அது வரைபடத்தின் கோட்டை இறக்கிவிடும் என்று குறித்துக்கொண்டு, சதுரத்தைப் பரப்பினார்கள்.

அக்டோபரில் கினுயே வந்தாள். இம்முறை பேருந்து நிறுத்தத்தில் நிற்கவில்லை. பார்வையாளருக்கான வெள்ளைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சாமந்திக் கொத்தோடு பச்சை நடைபாதையில் முரோதாவின் பின்னால் வந்தாள். வண்டி குறுக்கிடும் இடங்களில் முரோதா நின்று சுட்டிக் கத்தும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். ஐந்தாம் பிரஸ்ஸின் அருகே மண்டியிட்டு, பழைய பூவை எடுத்துப் புதியதை வைத்தாள். டின் காபியைத் திறந்து வைத்தாள். வெகுநேரம் கை கூப்பியிருந்தாள். இந்தத் தடவை அவர் முகம் தன் பக்கம் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

எழுந்து திரும்பியபோதுதான் மற்றதைக் கவனித்தாள். நாலாம் பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் சதுரம். மூன்றாம் பிரஸ்ஸுக்கும் ஒன்று. கூடம் முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, எந்திரத்துக்கு ஒன்றாகச் சதுரங்கள். எல்லாம் காலி. எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் சீட்டு, சீட்டில் பூ என்ற சொல், கீழே ஒவ்வொருவர் பெயர்.

“இதெல்லாம் யாருக்கு, முரோதா-சான்?”

காலியான எல்லை நிரப்பப்படவேண்டியது என்ற விதி முரோதாவுக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் ஹாயாமிஸு இரண்டு தடவை அந்தச் சதுரங்களைப் பார்த்து முகம் சுளித்ததையும் அவர் பார்த்திருந்தார்.

கினுயே ஆறாம் பிரஸ்ஸின் அருகே போனாள். குனிந்து சீட்டைப் படித்தாள். முரோதா என்று எழுதியிருந்தது.

“இது உங்களுது,” என்றாள்.

“ஆமா அண்ணி. என்னோடதுதான்.”

அவள் கையில் ஒற்றைச் சாமந்தி ஒன்று மிஞ்சியிருந்தது. அதைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

“வீட்டுலயும் அவரு இப்படித்தான்,” என்றாள். “கேஸை அணைச்சிட்டு அதைப் பார்த்துக் கத்துவாரு. கதவைப் பூட்டிட்டுக் கத்துவாரு. அக்கம்பக்கத்துல எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன்.”

பிறகு வலக்கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் முரோதாவின் சதுரத்தைச் சுட்டினாள். கத்தவில்லை, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

“காலி. யோஷி.”

அதைக் கேட்டதும் முரோதா கையை நீட்டி ஆறாம் பிரஸ்ஸின் நிறுத்தப் பொத்தானை அமுக்கினார். எந்திரம் நின்றது. வரைபடத்தில் கோடு இறங்குவதை அலுவலகத்தில் யாரோ பார்த்திருக்கவேண்டும்; மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. முரோதா துணியை எடுத்துக்கொண்டு, நின்றுபோன பிரஸ்ஸின் அடியைத் துடைக்கக் குனிந்தார்.